டேக் எங்கே இருக்கிறது? சொந்த சர்வரில் கோப்பு அடுக்குவோருக்குக் கேள்வி பதில்

கேள்வி: ரசீது, கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற ஆவணச் செயலியில் போட்டேன். ஆங்கிலத்தில் தேடினால் வருகிறது, தமிழில் தேடினால் ஒன்றும் வரவில்லை.

பதில்: சொல்லிக் கொடுக்காதவரை அது ஆங்கிலம்தான் படிக்கும். டாக்கரில் (செயலியைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் மென்பொருள்) ஓட்டினால் இரண்டு அமைப்புகளைத் தொட வேண்டும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர், கடைசியில் ஒரு 'எஸ்' மட்டும் வித்தியாசம். 'ஓசிஆர் லேங்குவேஜஸ்' என்பது, படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் (அதுதான் ஓசிஆர்) டெசராக்ட் மென்பொருளின் தமிழ்ப் பொதியை நிறுவும். 'எஸ்' இல்லாதது எந்த மொழியில் படிப்பது என்று சொல்லும். முதலாவதை நிரப்பிவிட்டு இரண்டாவதை மறந்திருப்பீர்கள். அதில் தமிழையும் ஆங்கிலத்தையும் கூட்டல் குறி போட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே ஏற்றியவை தானாக மாறாது, தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்ட வேண்டும்.

கேள்வி: எது பெஸ்ட்?

பதில்: எதற்கு? காகிதம் என்றால் பேப்பர்லெஸ். படம் என்றால் இம்மிச் அல்லது டிஜிகேம்.

கேள்வி: டேக்ஸ்பேஸஸ் என்ற கோப்பு அடுக்கும் செயலியில் கோப்புப் பெயருக்குள்ளேயே தமிழில் டேக் (அடையாளச் சொல்) போடுகிறேன். சில சமயம் பெயர் நீளம் என்று மறுக்கிறது. அப்படி ஒன்றும் நீளமில்லையே?

பதில்: கண்ணுக்கு இல்லை, டிஸ்குக்கு உண்டு. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். 'மின்கட்டணம்' நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடு, ஆக 11. டிஸ்கில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 33. இப்படி ஏழு டேக் போட்டால் 231 போய்விடும், மீதி 24இல் கோப்புக்கே பெயர் வைக்க வேண்டும்! டேக்கைப் பக்கத்துக் கோப்பில் எழுதும் வசதியும் அதிலேயே இருக்கிறது, அதற்கு மாறுங்கள். ஆனால் கோப்பை வேறு செயலியில் நகர்த்தினால் அந்தத் துணைக்கோப்பு கூட வராது.

கேள்வி: பேப்பர்லெஸில் உள்ள கோப்புகளை தினமும் காப்பி எடுக்கிறேன். போதும்தானே?

பதில்: போதாது. நானும் அப்படித்தான் மீடியா ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். டிஸ்க் போனது. மீட்டுத் திறந்தால் 0000417.பிடிஎஃப், 0000418.பிடிஎஃப் என்று வரிசையாக நிற்கின்றன. ஒரு கோப்புகூடத் தொலையவில்லை, எது என்ன என்றுதான் தெரியவில்லை. டேக், தலைப்பு எல்லாம் டேட்டாபேஸில் இருந்தன. பேப்பர்லெஸின் டாக்குமெண்ட் எக்ஸ்போர்ட்டரை ஓட்டி, கோப்பும் டேக்கும் சேர்ந்து வரும் அந்த வெளியீட்டைக் காப்பி எடுங்கள். ஒருமுறை வேறு இடத்தில் இறக்கியும் பாருங்கள்.

கேள்வி: டேக் எல்லாம் வேலையற்ற வேலை. வருடம், மாதம் என்று ஃபோல்டர் போட்டால் எந்த சர்வரும் வேண்டாம்.

பதில்: வாடகை ஒப்பந்தம் 'வீடு' ஃபோல்டரிலா, 'வரி' ஃபோல்டரிலா?

கேள்வி: (அவரே) இரண்டிலும் ஒரு காப்பி.

பதில்: அப்புறம் ஒன்றைத் திருத்துவீர்கள், மற்றது பழசாகவே கிடக்கும்.

கேள்வி: (அவரே) சிம்லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போடுவேன்.

பதில்: அது டேக்தான் ஐயா, கையால் போடுகிறீர்கள். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எந்தச் செயலி செத்தாலும் உங்கள் ஃபோல்டர் திறக்கும். அதனால்தான் நானும் பேப்பர்லெஸில் கோப்பு சேமிக்கும் பாதையை வருடம், அனுப்பியவர், தலைப்பு என்று அமைத்துவிட்டேன். இப்போது டேட்டாபேஸ் போனாலும் 0000417 வராது.

கேள்வி: (அவரே) பார்த்தீர்களா, கடைசியில் ஃபோல்டருக்குத்தான் வந்தீர்கள்.

பதில்: சரி, பாதி வந்தேன்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஒரே செயலி, எது பெஸ்ட்?

பதில்: இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். காப்பி எடுத்தாகிவிட்டதா?