கணினி கேள்வி–பதில்: மேக் திறக்கிறது, விண்டோஸ் முரண்டு பிடிக்கிறது

கேள்வி: ஐயா, பட்டர்வொர்த்தில் சிறிய அச்சுக் கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பந்திங், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பேனர், இதுதான் தொழில். மகள் மேக்புக்கில் வடிவமைக்கிறாள். கல்லாவில் விண்டோஸ் 11 புரோ. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் மின்ட் போட்டு, கோப்புகளையெல்லாம் அதில் வைத்திருக்கிறோம். விண்டோஸ் 24எச்2 பதிப்புக்கு மாறியதிலிருந்து கல்லாக் கணினியில் அந்தக் கோப்புறை திறக்கவில்லை. ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் நுழைவைத் தடுக்கிறது’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ வருகிறது. எங்கள் கடைக்கு ஏது ஐயா கொள்கை? மேக்கில் எப்போதும்போல் திறக்கிறது. கோப்புகளைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1ஐ இயக்கிவிட்டால் சரியாகிவிடும் என்கிறான் அக்காள் மகன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தம்பியிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், இணையத்தில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் 2017 மே மாதம் வன்னாகிரை என்ற பணம் பறிக்கும் தீம்பொருள் உலகம் முழுக்கப் புகுந்து கோப்புகளைப் பூட்டியது இந்த எஸ்எம்பி 1இன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் கடைசியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10இல் அதை மைக்ரோசாஃப்ட் படிப்படியாகக் கழற்றிவிடத் தொடங்கியது. அதைவிட முக்கியம், உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் மின்ட் கணினியில் கோப்புறையைப் பகிர்வது சம்பா என்ற மென்பொருள். யார் வந்தாலும் கடவுச்சொல் கேட்காமல் விடும்படி அதை அமைத்திருக்கிறீர்கள். விண்டோஸ் 11 புரோவோ, 24எச்2 முதல், பரிமாறும் ஒவ்வொரு தகவலிலும், வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அடையாளமாக, மின்கையொப்பம் கேட்கிறது. அந்தக் கையொப்பத்துக்கான சாவி கடவுச்சொல்லை வைத்துத்தான் உருவாகிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல்லே கிடையாது, சாவிக்கு எங்கே போவது? அதனால்தான் மறுக்கிறது. மேக் அவ்வளவு கறார் பார்ப்பதில்லை. ‘நிறுவனம்’ என்பது மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் அச்சடித்து வைத்த வாசகம், கண்டுகொள்ளாதீர்கள். விண்டோஸில் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தவும் வழி இருக்கிறது. நான் சொல்லித்தர மாட்டேன்; வாடிக்கையாளரின் கல்யாணப் படங்கள் கிடக்கும் கணினி அது.

மின்ட்டில் ‘கடை’ என்று ஆங்கில எழுத்தில் (kadai) ஒரு பயனரை உருவாக்குங்கள். அந்தப் பயனருக்கு மின்ட்டில் வைக்கும் கடவுச்சொல் தானாகச் சம்பாவுக்குப் போகாது. சம்பாவிடம் தனியாகப் பதிய வேண்டும். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், அதற்கான கட்டளை எஸ்எம்பிபாஸ்வேர்ட், ஆனால் எழுதும்போது கடைசியில் உள்ள ஓ, ஆர் இரண்டையும் விழுங்கிவிட வேண்டும் (sudo smbpasswd -a kadai). அப்புறம் பகிர்வு அமைப்பில் விருந்தினர் அனுமதியை எடுத்துவிடுங்கள். விண்டோஸில் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, பழைய பதிவு ஏதும் இருந்தால் நீக்கிவிட்டு, மின்ட்டின் ஐபி எண்ணுடன் இந்தப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சேருங்கள்.

இதற்குப் பிறகும் அதே விருந்தினர் செய்தி வந்தால் கடவுச்சொல்லைச் சந்தேகிக்காதீர்கள், பயனர் பெயரைப் பாருங்கள். மின்ட்டில் சம்பா வரும்போதே, தெரியாத பெயரில் யார் வந்தாலும் சத்தமில்லாமல் விருந்தினராக மாற்றிவிடும் அமைப்போடு வருகிறது. கடவுச்சொல் தவறு என்றால் ‘தவறு’ என்று மறுபடி கேட்கும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் விருந்தினர் கதைக்கே திரும்பிவிடும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நான் போய்ப் பார்க்கும் கடைகளில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது.

இன்னொன்று. இதுவரை விருந்தினராக வந்து சேமித்த கோப்புகளுக்கு லினக்ஸ் ‘நோபடி’ என்ற பெயரில் உரிமை எழுதி வைத்திருக்கும். புதுப் பயனராக நுழைந்தால் பழைய பேனர் திறக்கும், திருத்திச் சேமிக்க விடாது. அந்தக் கோப்புறை முழுவதன் உரிமையையும் ‘கடை’ பயனருக்கு மாற்றிவிடுங்கள். மகளையும் மேக்கில் ஒருமுறை துண்டித்து, விருந்தினராக இல்லாமல் அதே பெயரில் நுழையச் சொல்லுங்கள். இல்லையென்றால் பகிர்வு அவருக்கும் மூடிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் லினக்ஸ் கோப்புறையில் ‘பொங்கல் பேனர்’ என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்று பழையது. ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்? (ஜார்ஜ்டவுன் வாசகி)

பதில்: கண்ணுக்குத்தான் ஒன்று. ‘பொ’வில் உள்ள ஒகரக் குறியை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில், ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். மேக் தன் வட்டில் இரண்டையும் ஒன்றாகவே கருதும். லினக்ஸும் விண்டோஸும் வேறு வேறு என்றே எடுத்துக்கொள்ளும். கோப்பு மேக்கிலிருந்து பென்டிரைவ், ஜிப் என்று சுற்றி வரும்போது இந்தக் குழப்பம் சேர்ந்துகொள்ளும். தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தேதியைப் பார்த்துப் புதியதை வைத்துக்கொண்டு, பழையதன் முன்னால் வருடத்தைப் போட்டு ஒதுக்கி வையுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் லினக்ஸில் கன்வ்எம்வி என்ற சிறு கருவி பெயர்களையெல்லாம் ஒரே முறைக்கு மாற்றித்தரும். முதலில் வெறுமனே ஓட்டி, என்னென்ன மாற்றப்போகிறது என்று காட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றச் சொல்லுங்கள்.