பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் முயல் வேட்டைக்கு எந்த ஸ்கோப் வாங்கலாம்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஏ பிரிவு துப்பாக்கி உரிமம் வந்துவிட்டது, பாயிண்ட் டூ டூவும் வாங்கியாயிற்று, ஸ்கோப்தான் பாக்கி என்கிறீர்கள். 2-7×32 போதும், அதாவது 2 முதல் 7 மடங்கு வரை பெருக்கிக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 32 மி.மீ. 3-9×40 தாராளம். அதற்கு மேல் போகாதீர்கள்.

நான் முதலில் வாங்கியது 6-24×50. எண் பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்று நம்பினேன். நான் போகும் ஆட்டுப்பண்ணை வின்செல்சி பக்கம். 1859-ல் தாமஸ் ஆஸ்டின் இங்கிலாந்து முயல்களை அவிழ்த்துவிட்ட பார்வன் பார்க் அந்த ஊரில்தான் இருக்கிறது. முயல் புதரை விட்டு வெளியே வருவதே பொழுது சாயும்போதுதான். நாற்பது மீட்டரில் உட்கார்ந்திருந்த முயலை 24-ல் வைத்துத் தேடினேன். வெறும் புல்தான் தெரிந்தது, அதுவும் மங்கலாக. முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மி.மீ. 2-7×32-ஐ 4 மடங்கில் வைத்தால், 32-ஐ 4-ஆல் வகுத்து 8. அந்தியில் விரிந்த கண்மணிக்கு அந்த 2 எப்படிப் போதும்?

இதைவிட முக்கியம் பேரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் இலக்கின்மேல் நகர்வதுபோலத் தெரிவது. பெரிய ரைஃபிளுக்கான சாதாரண ஸ்கோப்புகளில் பெரும்பாலும் அது 100 கெஜத்தில் இல்லாதபடி வைத்திருப்பார்கள். பாயிண்ட் டூ டூ போன்ற ரிம்ஃபயருக்கென்று வருவதில் 50, 60 கெஜம். ரைஃபிளை மணல் மூட்டைமேல் வைத்து, கையை எடுத்துவிட்டு, 40 மீட்டரில் உள்ள அட்டையைப் பாருங்கள். தலையை லேசாக மேலும் கீழும் அசைத்தால் குறுக்குக்கோடு அட்டைமேல் ஊர்கிறதா? ஊர்ந்தால் குறியும் அந்த அளவுக்குப் பிசகும். முயல் தலையில் நமக்குக் கிடைக்கும் இடம் எலுமிச்சம்பழ அளவுதான். எனக்கு ஒருமுறை பிசகி, காயத்தோடு வளைக்குள் போய்விட்டது. இருட்டும்வரை காத்திருந்தேன், வெளியே வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

50 மீட்டரில் ஜீரோ செய்யுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பைத் திருகி வையுங்கள். 100 மீட்டரில் சாதாரண 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) தோட்டா ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிடும். நான் 60-ஐத் தாண்டிச் சுடுவதில்லை. ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் வளையம் வாங்கும்முன், அது மாட்டும் உங்கள் ரைஃபிளின் மேல்பள்ளம் 11 மி.மீ.தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையே ஸ்பிரிங் ஏர் ரைஃபிளிலும் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது பின்னுக்கு உதைத்த கையோடு முன்னுக்கும் உதைக்கும். பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்கும் ஸ்கோப்பே அதில் உள்ளுக்குள் கழன்றுபோவதுண்டு. ஏர் ரைஃபிளுக்கு என்றே பெட்டியில் போட்டிருப்பதைத் தனியாக வாங்குங்கள்.