நுரையீரல் குழாய் நுனியில் மட்டும் ஏன் கிளைக்கிறது?

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, "எஃப்ஜிஎஃப்10 என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் புரதத்தை வாங்கும் ஏற்பி குழாய்ச் சுவர் முழுக்க இருக்கிறதே, அப்புறம் ஏன் நுனி மட்டும் வளர்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போட்ட மலையாளக் குறிப்புப் படத்தில் குழாயைச் சுற்றியுள்ள இடையிழையத்தையே (கருவின் தளர்வான திசு) வரையவில்லை, குழப்பம் அங்கேதான். எலிக் கருவில் நுனிக்கு எதிரே உள்ள இடையிழையம்தான் அந்தப் புரதத்தை அதிகம் சுரக்கிறது. நுனிச் செல்கள் அதை நோக்கி நீள்கின்றன.

சரி, பக்கத்துச் செல்கள்? சமிக்ஞை கிடைத்த செல்லே அந்தச் சமிக்ஞையை அடக்கும் ஸ்ப்ரௌட்டி என்ற தடுப்பானையும் தயாரிக்கிறது. பழ ஈயின் மூச்சுக்குழாயில் முதலில் கண்டது இது. ஸ்ப்ரௌட்டி மரபணு பழுதானால் அந்த ஈயில் நுனிக்குப் பின்னால் உள்ள காம்புச் செல்களும் வேண்டாத கிளை விடும்.

தேர்வுக்கு இதையும் எழுதுங்கள்: எஃப்ஜிஎஃப்10 அறவே இல்லாத எலிக்குட்டிக்கு மூச்சுக்குழல் உண்டு, நுரையீரல் கிடையாது.