காப்புப் பணத்தை முழுதாகப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணாவின் வீட்டை, நல்லூருக்குக் கிட்ட, நாள் வாடகைக்கு விடுகிறேன். சுவிஸில் இருந்து வந்த குடும்பம் ஒன்று நான்கு இரவு தங்கியது. வட்ஸ்அப்பில் ஆறு பேர் என்றார்கள், படுத்தெழும்பியது பதினொரு பேர். மெத்தையில் கறை, ஏசி ரிமோட்டைக் காணவில்லை, கரண்ட் பில்லும் கூட. காப்புப் பணம் 30,000 ரூபாவைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். பொலிஸுக்குப் போவோம் என்கிறார்கள். இன்னொருவர் நல்லூர்த் திருவிழாவுக்கு ஐந்து இரவுக்கு 75,000 ரூபா முழுவதும் கட்டிவிட்டு, பத்து நாள் இருக்கும்போது வரவில்லை என்றார். அதில் மூன்று இரவுக்கு அதே விலையில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். இந்தக் காசுகளை நான் வைத்திருக்கலாமா? இனிமேல் எவ்வளவு வாங்குவது?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இரண்டு இடத்திலும் ஒரு பகுதியை வைத்திருக்கலாம், முழுவதையும் முடியாது. நீங்கள் ‘அட்வான்ஸ்’ என்று ஒரே பெயரில் வாங்குவது உண்மையில் மூன்று விதமான காசு. முற்பணம் வாடகையின் ஒரு பகுதி, அது உங்களுடையது ஆகும். துப்புரவு, மேலதிக ஆள் போன்றவை கட்டணம். முன்கூட்டியே தொகையைச் சொல்லியிருந்தால் அதுவும் உங்களுடையது. காப்புப் பணம் விருந்தினருடையது. நிரூபிக்கக்கூடிய நட்டத்தைக் கழித்து மிச்சத்தைக் கொடுக்கும்வரை உங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சுவிஸ் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். மெத்தை 48,000 ரூபாவுக்கு வாங்கி மூன்று வருடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். புது மெத்தையின் விலையை அவர்களிடம் அறவிட முடியாது. எட்டு வருடம் பாவிக்கக்கூடிய மெத்தை என்றால் மிச்சப் பெறுமதி 30,000, அதுவும் மெத்தை பாவிக்க முடியாமல் போனால்தான். கழுவக் கொடுத்து 6,000 ரூபாவில் கறை போகுமென்றால் உங்கள் நட்டம் 6,000. ரிமோட் 3,500. மேலதிக ஐந்து பேருக்கான விரிப்பு, துவாய் கழுவிய செலவு 2,500. மொத்தம் 12,000, திருப்பிக் கொடுக்கவேண்டியது 18,000. இந்த எண்களுக்குப் பதிலாக உங்கள் பற்றுச்சீட்டில் உள்ளதைப் போடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத எதையும் கழிக்காதீர்கள். துப்புரவுக் கட்டணம் தனியே வாங்கியிருந்தால், வழமையான கூட்டித் துடைத்தலுக்கு மறுபடி கழிப்பதும் கூடாது.

பதினொரு பேர் வந்தது ஒப்பந்த மீறல்தான். ஆனால் ஆறுக்கு மேல் ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நீங்கள் சொல்லி வைக்கவில்லை. ஆகவே தொகையைப் பிறகு கற்பனை செய்ய முடியாது, உண்மையில் ஏற்பட்ட செலவை மட்டுமே கேட்கலாம்.

கரண்ட் பில்லில் உங்கள் பக்கம் பலவீனம். வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூடப் படிப்படியாக ஏறும். மாத பில்லில் மற்ற விருந்தினர் பாவித்ததும் கலந்திருக்கும். ஆகவே பில்லை நாட்களால் பிரித்துக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. திறப்பைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் மீற்றரைப் படம் எடுங்கள். ஏசிக்குத் தனியாக ஒரு துணை மீற்றர் பூட்டி, அலகுக்கு இத்தனை ரூபா என்று முன்பே எழுதிவிட்டால் சண்டையே வராது.

திருவிழா முன்பதிவில் உங்கள் நட்டம் காலியாகக் கிடந்த இரண்டு இரவு, அதாவது 30,000. மற்ற 45,000 ரூபாவைக் கொடுத்துவிடுங்கள். ஒரே இரவுக்கு இருவரிடம் வாடகை எடுத்ததை எந்த நீதிபதிக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. இரத்து விதி எதுவும் நீங்கள் எழுதாததால்தான் இந்தக் கணக்கே தேவைப்படுகிறது. அடுத்த முறை படியாக எழுதுங்கள்: 30 நாளுக்கு முன் சொன்னால் முழுவதும் திரும்பும், 30க்கும் 14க்கும் இடையில் பாதி, அதற்குப் பிறகு வேறு ஆட்கள் வந்த இரவுகளின் வாடகை மட்டும். தேர், தீர்த்த நாட்களுக்குக் கடுமையாக வைக்கலாம், ஆனால் காசு வாங்குவதற்கு முன் சொல்லவேண்டும். திருவிழாவுக்கு விலை கூட்டலாம். ஒப்புக்கொண்ட விலையைப் பிறகு கூட்ட முடியாது.

“எது உடைந்தாலும் 50,000 அபராதம்” என்று சுவரில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மதிப்பிடக்கூடிய நட்டத்தோடு சம்பந்தமில்லாமல் மிரட்டுவதற்காக வைத்த தொகையை நீதிமன்றம் அப்படியே வாங்கித் தராது. “எதற்கும் நாம் பொறுப்பல்ல” என்ற பலகையும் அப்படித்தான். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கும்போது, உங்கள் கவனயீனத்தால் கிணற்றடியில் ஒருவர் வழுக்கி விழுந்து காயப்பட்டால் அந்தப் பலகை உங்களைக் காப்பாற்றாது.

இனி எவ்வளவு வாங்குவது? காப்புப் பணம் ஓர் இரவில் இருந்து இரண்டு இரவு வாடகை வரை போதும். அடிக்கடி தொலைவதும் உடைவதும் ரிமோட், திறப்பு, கண்ணாடி, கேத்தல். அவற்றின் விலை அதற்குள் அடங்கும். ரூபாவில் வாங்கி ரூபாவில் கொடுங்கள். யூரோத் தாளாக வாங்கினால் நாணய மாற்று விலையில் ஒரு சண்டை, நாணயச் சட்டத்தில் இன்னொரு சிக்கல். கடவுச்சீட்டைப் பிணையாக வாங்கி அலுமாரியில் வைக்கவே வேண்டாம், பிரதி போதும். பற்றுச்சீட்டில் வாடகை, கட்டணம், காப்புப் பணம் மூன்றும் தனித்தனி வரியில் இருக்கட்டும். “திறப்பு ஒப்படைத்த மூன்று நாளுக்குள் திருப்பித் தரப்படும், கழிவுக்குப் பற்றுச்சீட்டு காட்டப்படும்” என்பதையும் சேருங்கள். இதை வட்ஸ்அப்பில் அனுப்பி “சரி” என்று பதில் வாங்கினாலும் செல்லும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதை ஏற்கிறது. வற் பதிவு இல்லாமல் பில்லில் வற் போடாதீர்கள். வேலையாளே இல்லாத வீட்டில் 10 வீத சேவைக் கட்டணம் போடுவதும் அழகல்ல.

ஏர்பிஎன்பி வழியாக வரும் ஆட்களிடம் தனியாகக் கையில் காப்புப் பணம் வாங்குவது அவர்களின் விதிக்கு மாறானது. சேதம் என்றால் விருந்தினர் வெளியேறிய 14 நாளுக்குள் படத்தோடும் பற்றுச்சீட்டோடும் அவர்கள் தளத்திலேயே கேட்கவேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் தங்க வருபவர்கள் வேறு கதை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். வட்ஸ்அப் அங்கே உதவாது. வீடு அண்ணாவின் பெயரில் இருப்பதால், அவர் தந்த அற்றோணித் தத்துவத்தில் (அவர் சார்பில் செயற்பட எழுதித் தந்த அதிகாரப் பத்திரத்தில்) வாடகைக்கு விடவும் காசு பெறவும் அதிகாரம் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். வீட்டைப் பராமரிக்க மட்டும் எழுதியவை நிறைய. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவும் உள்ளூராட்சி உரிமமும் இல்லாவிட்டால் அதையும் முடியுங்கள். நல்லூர் என்றதும் எல்லாம் மாநகர சபை இல்லை, சில பகுதி நல்லூர் பிரதேச சபைக்குள் வரும்.

இந்தக் கிழமையே செய்யவேண்டியது: கழிவுப் பட்டியலையும் பற்றுச்சீட்டுப் படங்களையும் வட்ஸ்அப்பில் அனுப்பி, மிச்சக் காசை வங்கியில் போடுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். பொலிஸில் கூப்பிட்டால் அந்தத் தாள்களோடு போங்கள். கணக்குக் காட்டி மிச்சத்தைக் கொடுத்தவர்மீது நம்பிக்கை மோசடி என்று சொல்வது கடினம், எஞ்சுவது சிவில் பிணக்கு. இந்த அளவுத் தொகைக்கு வழக்குப் போடுவதற்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டி வரும். அவர்கள் சுவிஸுக்குத் திரும்பிவிட்டார்கள், இனி ஒன்றும் நடக்காது என்றும் இருந்துவிடாதீர்கள். எழுத்து ஒப்பந்தத்தின்மேல் வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது.