ஓவிய வகுப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள், அம்மா

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு தாயின் கேள்வி இது. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள், காமர்ஸ் குரூப். ஊர் இளைஞர்கள் சிலர் காசு வாங்காமல் நடத்தும் ஓவிய வகுப்புக்கு ஞாயிறுதோறும் போகிறாள். “படம் வரைந்தால் சோறு கிடைக்குமா? நிறுத்தச் சொல்லட்டுமா?” என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா, போகட்டும். தினக்கூலியில் நடக்கும் வீட்டுக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த வகுப்பு உங்கள் மகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, 1850-ல் தொடங்கியது. கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. பிளஸ் டூ முடித்துவிட்டு நான்கு வருடம் பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டம் படிக்கலாம். காமர்ஸ் எடுத்தவர்களும் சேரலாம். சேர்க்கைக்கு முன் உட்கார வைத்து வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்தத் தேர்வில் உதவப்போவது வருடக்கணக்காகப் பழகிய கைதான். நகரத்துப் பிள்ளைகள் இதற்குப் பணம் கட்டிப் பயிற்சி எடுக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது வீட்டுக்குப் பக்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வேறு படங்களைப் பார்த்து வரைவதோடு நிற்காமல், தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறிய மரம், காப்பிப் பழம் பறிக்கும் கைகள் என்று கண்ணெதிரே இருப்பதைத் தினமும் ஒரு நோட்டில் வரையச் சொல்லுங்கள். தேதி போட்டு வைக்கட்டும்.

அப்புறம், வேலை. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் பணியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். துணி வடிவமைப்பு, புத்தக ஓவியம், விளம்பரம், அனிமேஷன் என்று வேறு வழிகள் இருக்கின்றன. முதல் சில வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். தொலைவில் அனுப்ப மனம் வரவில்லையா? 1960-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் சேலத்திலேயே இருக்கிறது. வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. டிசைன் போடத் தெரிந்த கைக்கு இங்கே மதிப்பு உண்டு.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். “ஆறே மாதத்தில் அனிமேஷன், வேலை நிச்சயம்” என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடத்துக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள்.

செலவுக்கு வருவோம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். கல்வி உதவித்தொகைக்கும் நலத்துறை விடுதிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் மலையில் வாழும் மலையாளி பழங்குடி என்றால் சாதிச் சான்றை வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தர வேண்டும். அது கைக்கு வர நாளாகலாம். பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதமே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள்.