தலைவலியே இல்லாமல் தலைசுற்றல் மட்டும் வருகிறது. மருத்துவர் இதை மைக்ரேன் என்கிறார். அப்படியும் இருக்குமா?

இருக்கும். எனக்கும் வெஸ்டிபுலர் மைக்ரேன்தான், அதாவது தலைசுற்றலாக வரும் மைக்ரேன். பல சமயம் தலை துளிகூட வலிக்காது. ஆனால் சுவரைப் பிடிக்காமல் குளியலறை வரை போக முடியாது.

தலைசுற்றல், சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பாரனி சங்கமும் சர்வதேச தலைவலிச் சங்கமும் சேர்ந்து 2012-இல் இதற்கு வரையறை கொடுத்தன. குறைந்தது 5 முறை வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்க வேண்டும். எப்போதாவது மைக்ரேன் இருந்திருக்க வேண்டும். பாதி தடவையாவது மைக்ரேன் வகைத் தலைவலியோ, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவதோ, கண்ணில் மின்னல் கோடு தெரிவதோ சேர்ந்து வர வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், தலைவலி கட்டாயமில்லை.

அதனால் எவ்வளவு நேரம் சுற்றியது என்று குறித்து வையுங்கள். படுக்கையில் புரளும்போது சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அது பெரும்பாலும் காதுக்குள் துகள் இடம் மாறியதால் வருவது. காது அடைத்து, இரைச்சலோடு கேட்கும் திறனும் குறைந்தால் மெனியர் என்ற உள்காது நோயா என்று பார்ப்பார்கள். வெஸ்டிபுலர் மைக்ரேனை உறுதிப்படுத்த ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. நீங்கள் சொல்லும் விவரம்தான் ஆதாரம். ரிப்போர்ட் நார்மல் என்றதும் வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்பார்கள். அந்தப் பேச்சு சுற்றலைவிட அதிகமாக வலிக்கும். அதை நம்பி விடாதீர்கள்.

இடைப்பட்ட நாட்களிலும் சூப்பர் மார்க்கெட் அலமாரி வரிசை, போனில் வேகமாக ஓடும் திரை எல்லாம் லேசான ஆட்டத்தைக் கிளப்பும். எனக்குத் தூக்கம் கெட்டாலும் விரதமென்று சாப்பாட்டைத் தள்ளினாலும் வந்துவிடும். பல பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி வரும்.

அடிக்கடி வந்தால் புரோப்ரனலால், ஃப்ளூனாரிசின், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்து கொடுப்பார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும், அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுற்றலை அடக்கும் மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மூளை தானே சமநிலைக்குப் பழகுவதை அது தாமதப்படுத்தும். சமநிலைப் பயிற்சி பற்றி மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. பேச்சுக் குழறல், முகம் கோணுதல், ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பு, இரட்டைப் பார்வை, திடீரென்று காது கேட்காமல் போவது, இதில் எது வந்தாலும் மைக்ரேன் என்று படுத்துவிடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.