இரவல் நுட்பம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை செய்கிறேன். போன வருடம் முதலாளி ஜெர்மனியிலிருந்து ஒரு இயந்திரம் வாங்கிப் போட்டார். அங்கிருந்தே ஆட்கள் வந்து நிறுவிவிட்டுப் போனார்கள். பழுதானால் அவர்கள் வரும்வரை சும்மா நிற்கிறோம். இப்படி வாங்கிக்கொண்டே இருந்தால் நாமே எதையாவது செய்வது எப்போது? அரசு மானியம் கொடுத்தால் மாறுமா?

ம.

அன்புள்ள ம.,

மானியத்தை விடுங்கள், அதுவா உங்கள் பிரச்சினை? வாங்குவதிலும் கேவலம் ஒன்றும் இல்லை.

சில நாட்களாகவே இவாமா கசுவோ என்ற ஜப்பானியரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மின் சைகையைப் பெருக்கிக் கொடுக்கும் சின்னக் கருவியான டிரான்சிஸ்டர் 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதன் உரிமத்தை 25,000 டாலருக்கு வாங்க 1953இல் ஒப்பந்தம் போட்டது டோக்கியோவில் ஒரு சின்னக் கம்பெனி. சோனி என்ற பெயரெல்லாம் பின்னால் வந்தது. காது கேட்கும் கருவி செய்யுங்கள் என்றார்கள் விற்றவர்கள். இவர்கள் ரேடியோதான் என்று நின்றார்கள். ஆனால் கைக்கு வந்தது காப்புரிமை மட்டும்தான், செய்முறை இல்லை.

செய்முறையைக் கற்றுவர 1954இல் அந்தக் கம்பெனியின் இவாமா அமெரிக்கா போனார். படித்தது புவி இயற்பியல். பகலில் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பார், கேட்பார். ராத்திரி ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, பார்த்ததை நினைவிலிருந்து எழுதி, படமும் வரைந்து டோக்கியோவுக்கு அனுப்புவார். அவர் ஊர் திரும்புவதற்குள் அந்தக் கடிதங்களை வைத்தே அங்கே மாதிரி டிரான்சிஸ்டர் செய்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஜப்பானின் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. அதோடு விட்டார்களா? இன்னும் அதிக அதிர்வெண்ணில் வேலை செய்யும் டிரான்சிஸ்டர் வேண்டுமென்று அதில் பாஸ்பரஸ் கலந்து பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சியில்தான் 1957இல் அங்கே வேலை செய்த எசாகி லியோ, டன்னல் டயோடு என்ற புதுவகை மின்னணுக் கருவியைக் கண்டார். 1973இல் நோபல் பரிசு. வாங்கிய பொருளைக் குடைந்து குடைந்து போனதில் கிடைத்தது அது.

இப்போது சொல்லுங்கள். ஜெர்மன்காரர்கள் இயந்திரத்தை நிறுவியபோது உங்களில் யார் பக்கத்தில் நின்றது? யார் எழுதி வைத்தது? ஒரு நோட்டாவது இருக்கிறதா? இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் முதலாளியைப் பற்றியும் அரசைப் பற்றியும் எழுதியிருக்க மாட்டீர்கள், இயந்திரத்தைப் பற்றி எழுதியிருப்பீர்கள். எது பழுதாகிறது என்றுகூட நீங்கள் சொல்லவில்லை! எனக்கு வந்த கோபம் அதில்தான்.

சின்ன வயது உங்களுக்கு, சோர்ந்து போகாதீர்கள். அடுத்த முறை ஆள் வரும்போது கூடவே நில்லுங்கள். எதைக் கழற்றினார், எந்த அளவை மாற்றினார், ஏன் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் படம் போட்டுக் கேளுங்கள். அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள். அப்புறம் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், புரியாவிட்டாலும் படிப்பேன்.